அமிலம் தீட்டும் ஒளிமுனை

நுழையும்முன்

கூர்மை என்றதும் கத்தியும் ஊசியும் உளியும் நினைவுக்கு வருகின்றன. அவை கல்லிலோ அரத்திலோ தீட்டப்படுபவை. எந்தக் கருவியும் தீண்டாமல், ஒரு நீர்மத்துள் நிறுத்தி வைத்தே கூர்மையாக்கப்படும் கண்ணாடி முனையும் உலகில் உண்டு. கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் காண உதவிய அம்முனையின் வரலாற்றையும், அதனைத் தீட்டும் அமிலத்தின் இருவேறு இயல்புகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பூட்டு நகரம் கற்பிக்கும் பாடம்

மலைக்கோட்டையின் நிழலில் வளர்ந்த திண்டுக்கல் நகரின் பெயரோடு பூட்டும் சேர்ந்தே ஒலிக்கும். கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூட்டினுள் அடுக்கப்பட்ட லீவர்கள் ஒவ்வொன்றையும் உரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் அது திறக்கும். அதற்கேற்பச் சாவியின் பற்களை அரத்தால் தேய்த்து அமைப்பர்.

தேய்ப்பு சற்றே குறைந்தால் பூட்டுத் திறவாது. சற்றே மிகுந்தால் சாவி வீணாகும். இழந்த உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே, தேய்க்கத் தெரிந்திருப்பதைக் காட்டிலும் நிறுத்தத் தெரிந்திருப்பதே பூட்டுத் தொழிலாளரின் பெருந்திறன். கண்ணும் விரலும் பல்லாண்டுப் பழக்கத்தால் அந்த எல்லையை அறிந்துகொள்கின்றன.

இதே நகரின் தெருக்களிலும், சுற்றியுள்ள சமவெளி ஊர்களின் சாலையோரங்களிலும் ஒளியிழை வடங்கள் செல்கின்றன. வடம் அறுந்தால் அதனை இணைப்பவர் இழையின் நெகிழிப் பூச்சை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையைத் தட்டையாக வெட்டுகிறார். பின்பு இரு முனைகளையும் நேர்நிறுத்தி மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார். அவருக்குத் தேவை தட்டையான முனை. அறிவியலாளர் சிலருக்கோ அதே இழையில் ஊசியினும் கூரிய முனை தேவைப்பட்டது. அத்தேவை எழுந்த காரணத்தை அறிய, முதலில் இழையின் அமைப்பை அறிதல் வேண்டும்.

இழைக்குள் ஓர் ஒளிப்பாதை

ஒளியிழை என்பது மிகத் தூய சிலிக்காக் கண்ணாடியால் ஆகிய நூல். அதன் நடுவே உள்ளகமும், அதனைச் சூழ்ந்து உறையும் உள்ளன. தொலைத்தொடர்பில் பெரிதும் பயன்படும் இழையின் உறை 125 மைக்ரோமீட்டர் விட்டமும், உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் விட்டமும் உடையவை. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினதைவிடச் சற்று மிகுதி. அதனால் உள்ளே நுழைந்த ஒளி, முழு அக எதிரொளிப்பால் வெளியேறாமல் நெடுந்தொலைவு பயணம் செய்கிறது.

பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்டு ஹாப்கின்சுடன் இணைந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பிக் காட்டினார். அவ்வாய்வு 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் இழையின்வழிச் செய்தியை வெகுதொலைவு அனுப்பலாம் என்பதை 1966இல் சார்லஸ் காவோ விளக்கினார். அதற்காக அவருக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வாறு செய்தியைச் சுமக்கப் பிறந்த இழையே, பின்னர் நுண்ணுலகைக் காணும் கண்ணாகவும் ஆயிற்று.

ஒளிக்கும் ஓர் எல்லை

எத்துணைச் சிறந்த வில்லையைப் பொருத்தினாலும் ஒளி நுண்ணோக்கியால் ஓர் அளவுக்கு மேல் நுணுக்கத்தைப் பிரித்துக் காண இயலாது. ஒளி அலையாகப் பரவுவதால் ஏற்படும் விளிம்பு விளைவே இதற்குக் காரணம். இவ்வெல்லை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி என்பதை 1873இல் எர்ன்ஸ்ட் அபே கண்டறிந்தார். கண்ணுறு ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. எனவே, 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். வைரஸ்கள் பலவும் இவ்வெல்லைக்கு உட்பட்ட சிறுமை உடையவை.

இத்தடையைக் கடக்க அயர்லாந்தைச் சேர்ந்த எட்வர்டு சிங் 1928இல் ஒரு வழி கூறினார். ஒளி புகாத தகட்டில் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளை இட வேண்டும். அத்துளையைப் பொருளின் மிக அருகே கொண்டுசென்று, ஒளி விரிந்து பரவும் முன்னரே பொருளின்மீது விழச் செய்ய வேண்டும். பின்பு துளையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி உருவத்தைத் தொகுக்க வேண்டும். கருத்து சரியானது; ஆயினும் அத்தகைய துளையைச் செய்யவும் நகர்த்தவும் வல்ல கருவிகள் அன்று இல்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அக்கனவு நனவாயிற்று. 1984இல் சூரிக் நகரின் ஐபிஎம் ஆய்வகத்தில் டீட்டர் போலும் அவர்தம் குழுவினரும், உலோகம் பூசிய குவார்ட்ஸ் முனையைக் கொண்டு அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு நுணுக்கத்தைக் காட்டினர். அதனை மருத்துவரின் இதயத்துடிப்பு மானிக்கு ஒப்பிட்டனர். இதய ஒலியின் அலைநீளம் உடலைவிடப் பெரிது. ஆயினும், மருத்துவர் மார்பை ஒட்டிக் கருவியை வைப்பதால் ஒலி எழும் இடத்தை அறிய முடிகிறது. நெருங்கினால் நுணுக்கம் புலப்படும் என்பதே இரண்டிற்கும் பொதுவான உண்மை.

1991இல் எரிக் பெட்சிக் குழுவினர் குவார்ட்சுக்கு மாற்றாக ஒளியிழையைப் பயன்படுத்தினர். இழையைச் சூடாக்கி இழுத்து முனையைக் குறுக்கி, பக்கங்களில் அலுமினியம் பூசினர். இவ்வகைக் கருவியே அண்மைப்புல நுண்ணோக்கி எனப்படுகிறது. ஆயினும் இழுத்துச் செய்த முனையில் கூம்பு நீண்டு குறுகுவதால், உள்ளே செலுத்திய ஒளியில் பெரும்பகுதி நுனியை அடையும் முன்பே வீணாயிற்று. குட்டையான, அகன்ற கூம்பு வேண்டப்பட்டது. அதனைத் தந்தது அமிலம்.

அமிலம் செய்யும் தச்சு

பெரும்பாலான அமிலங்களைக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாம். ஹைட்ரோபுளூரிக் அமிலத்தை அவ்வாறு வைத்தல் ஆகாது. அது கண்ணாடியையே கரைத்துவிடும். ஆதலின் நெகிழிக் கலத்திலேயே வைக்கப்படும். கண்ணாடியின் சிலிக்காவோடு அது வினைபுரிந்து, நீரில் கரையும் ஹெக்ஸாபுளூரோசிலிசிக் அமிலத்தையும் நீரையும் தருகிறது.

இவ்வமிலத்தால் இழையைக் கூராக்கும் முறைக்கு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டென்னிஸ் டர்னர் 1984இல் காப்புரிமை பெற்றார். அமிலத்தின்மீது அதனுடன் கலவாத எண்ணெய் போன்ற கரிம நீர்மம் ஒரு படலமாக நிற்கும். அமில ஆவி மேலெழுந்து இழையின் மேற்பகுதியை அரிக்காதவாறு அப்படலம் காக்கும். பூச்சு உரிக்கப்பட்ட இழை, படலத்தைக் கடந்து அமிலத்துள் செங்குத்தாக நிறுத்தப்படும்.

கண்ணாடிக் குவளையில் உள்ள நீர் விளிம்பை ஒட்டிச் சற்றே மேலேறி வளைந்திருப்பதைக் காணலாம். இவ்வளைவு பிறைத்தளம் எனப்படும். இதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. இழையைச் சுற்றியும் அமிலம் இவ்வாறே மேலேறி நிற்கிறது. ஏறும் உயரம் இழையின் பருமனைப் பொறுத்தது. இழை பருத்திருந்தால் உயரம் மிகும், மெலிந்தால் குறையும். இந்தச் சிறு உண்மையே கூர்முனையின் பிறப்பிடம்.

அமிலம் கரைக்கக் கரைக்க இழை மெலிகிறது. இழை மெலிய மெலியப் பிறைத்தளம் கீழிறங்குகிறது. இறங்கும்போது, முன்பு அமிலத்தில் தோய்ந்திருந்த மேற்பகுதி எண்ணெய்க்குள் சென்று அரிப்பிலிருந்து தப்புகிறது. அதற்குக் கீழே உள்ள பகுதியோ மேலும் சிறிது நேரம் அமிலத்தில் இருந்து மேலும் மெலிகிறது. இவ்வாறு மேலே பருத்தும் கீழே செல்லச் செல்ல மெலிந்தும் ஒரு கூம்பு உருவாகிறது. இறுதியில் அமிலத்தில் மூழ்கிய பகுதி முழுதும் கரைந்து மறைகிறது. கூம்பின் நுனி அமிலத்தின் தொடர்பை இழக்கிறது. அரிப்பு தானே நின்றுவிடுகிறது.

செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்து இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். மேலே மிதக்கும் நீர்மத்தை மாற்றினால் பிறைத்தளத்தின் வடிவம் மாறும்; அதனால் கூம்பின் கோணமும் மாறும். பூட்டுத் தொழிலாளரின் அரத்தை அவர்தம் கை நிறுத்துகிறது. இங்கோ நிறுத்தும் பொறுப்பை இயற்கையின் விதியே ஏற்றுக்கொள்கிறது. அவ்விதியை அறிந்து பயன்படுத்தியதே ஆய்வாளரின் திறன்.

குறையும் திருத்தமும்

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. மேசையின் சிறு அதிர்வு பிறைத்தளத்தை அசைத்தது. அறையின் வெப்பமாற்றமும் அதன் வடிவைப் பாதித்தது. இதனால் கூம்பின் பக்கங்கள் சொரசொரப்பாயின. அத்தகைய பரப்பில் அலுமினியம் சீராகப் படியாது. படியாத இடங்களின் வழியே ஒளி கசியும்.

1990களின் இறுதியில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதற்கு எளிய தீர்வு கண்டனர். இழையின் நெகிழிப் பூச்சை உரிக்காமல் அப்படியே அமிலத்தில் இறக்கினர். அமிலம் நெகிழியை விட்டுவிட்டு உள்ளிருக்கும் கண்ணாடியை மட்டும் கரைத்தது. நெகிழிப் பூச்சு ஒரு சிறு குழாயாக நின்று, வெளி அதிர்வுகளிலிருந்து கூம்பைக் காத்தது. வழவழப்பான முனை கிடைத்தது. இது குழாய் அரிப்பு முறை எனப்படுகிறது. உரித்து எறியப்பட்ட பூச்சே காப்பாக மாறியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

முனை உருவானபின் வெற்றிடத்தில் அதன்மீது அலுமினிய ஆவி படியவைக்கப்படுகிறது. இழையைச் சாய்வாக நிறுத்திச் சுழற்றுவதால் நுனி நிழலில் அமைந்து, அங்கு மட்டும் உலோகம் படிவதில்லை. 50 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள ஒளிவாயில் இவ்வாறு திறந்து நிற்கிறது. 1928இல் சிங் கருதிய துளை இதுவே.

தெரிந்து தெளிவோம்

எட்வர்டு சிங் தம் கருத்தை வெளியிட்ட அதே 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், கொல்கத்தாவில் இராமன் விளைவைக் கண்டறிந்தார். மூலக்கூறுகளால் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு பொருளை அடையாளம் காண அவ்விளைவு உதவுகிறது. 2000ஆம் ஆண்டில் உலோகக் கூர்முனையின் அருகே இராமன் சிதறலைப் பலமடங்கு வலுப்படுத்தும் முறை செய்துகாட்டப்பட்டது. ஒரே ஆண்டில் தனித்தனியே தோன்றிய இரு சிந்தனைகள் இவ்வாறு ஒரு முனையில் சந்தித்தன.

அமிலத்தின் மறுமுகம்

கண்ணாடியைச் செதுக்கும் இவ்வமிலம் மனித உடலுக்குக் கொடியது. தோலில் பட்டவுடன் வலி தோன்றாமல் இருக்கக்கூடும். நீர்த்த கரைசல் என்றால் சில மணி நேரம் கழித்தே வலி தெரியலாம். அதற்குள் புளூரைடு அயனி தோலை ஊடுருவி, உடலின் கால்சியத்தோடு பிணைந்துவிடும். குருதியில் கால்சியம் குறைந்தால் இதயத்தின் இயக்கமே பாதிக்கப்படும். சிறிய தீப்புண் என எண்ணி விட்டுவிடுதல் உயிருக்கே இடராகும். ஆகவே, பயிற்சி பெற்றோர் மட்டுமே உரிய கையுறை, முகக்காப்பு, புகைபோக்கி அறை ஆகியவற்றோடு இதனைக் கையாள்வர். கால்சியம் குளுக்கோனேட் களிம்பை அருகில் வைத்திருப்பர். பள்ளி ஆய்வகத்திலோ வீட்டிலோ இதனைச் செய்துபார்க்கும் எண்ணம் எவருக்கும் எழலாகாது.

புளூரினுக்கும் கால்சியத்திற்கும் உள்ள இந்த நாட்டம் திண்டுக்கல் சமவெளிக்குப் புதியதன்று. இங்குள்ள கடினப் பாறைகளின் கனிமங்களிலிருந்து புளூரைடு சிறிது சிறிதாக நிலத்தடி நீரில் கரைகிறது. மாவட்டத்தின் சில பகுதிகளில் அதன் அளவு மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது அமிலம் அன்று. செறிவும் மிகக் குறைவு. ஆயினும், குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்த நீரைக் குழந்தைப் பருவம் முதல் பருகிவந்தால் பற்கள் கறைபடும். அளவு மேலும் மிகுந்தால் எலும்புகளும் பாதிக்கப்படும். அளவோடு இருந்தால் அதே புளூரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே.

எல்லை அறிதலே கூர்மை

ஒளியிழை முனையின் வரலாறு வன்மையின் வரலாறு அன்று. சம்மட்டியும் சாணையும் செய்ய இயலாததை, எண்ணெய்க்கும் அமிலத்திற்கும் இடைப்பட்ட மெல்லிய வளைவு ஒன்று செய்து முடிக்கிறது. தொலைவில் நின்று காண முடியாததை, நெருங்கிச் சென்ற சிறு துளை காட்டுகிறது. பூட்டுப் பட்டறையில் அரத்தை நிறுத்தும் கையும், ஆய்வகத்தில் பிறைத்தளத்தை நம்பிக் காத்திருக்கும் கண்ணும் ஒரே பண்பை உடையவை. எவ்வளவு நீக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எதனைத் தீண்டலாகாது என அறிந்த அறிவே கூரிய அறிவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் கைத்தொழில் ஒன்றில் 'நிறுத்தும் திறன்' எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைத் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டறிந்து எழுதுக.
2. உங்கள் பகுதிக் குடிநீரின் புளூரைடு அளவைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

இலக்கணக் குறிப்பு

செறிவையும் வெப்பநிலையையும் – எண்ணும்மை
படியாத இடங்கள் – எதிர்மறைப் பெயரெச்சம்
கரைக்கக் கரைக்க – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

காட்டினர் = காட்டு + இன் + அர்
காட்டு – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

குறுவினா: ஹைட்ரோபுளூரிக் அமிலத்தைக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாகாது, ஏன்?

சிறுவினா: அண்மைப்புல நுண்ணோக்கி இதயத்துடிப்பு மானிக்கு ஒப்பிடப்படுவதன் பொருத்தத்தை விளக்குக.

நெடுவினா: அமில அரிப்பு தானே நிற்கும் முறையை விளக்கி, அதனைப் பூட்டுத் தொழிலாளரின் கைத்திறனோடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.