நம்ம தோல் எத்தனை சதுர அடி?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். “நம்ம உடம்புல ரொம்பப் பெரிய உறுப்பு எது, சொல்லுங்க பார்ப்போம்?”

ஒரு அக்கா வயிறு என்றார். இன்னொருவர் இதயம். பள்ளியில் படிக்கிற மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு தங்கை, “கல்லீரல்” என்று உறுதியாகச் சொன்னார். தோல் என்று யாருமே சொல்லவில்லை! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்ம பக்கம் முழுக்கத் தோலை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் நம்ம தோல் நமக்கு ஞாபகம் வரவில்லை.

வளர்ந்த ஒரு பெண்ணின் தோலை அளந்தால் சுமார் 16 சதுர அடி வரும். நாலு ஆட்டுத் தோல் கணக்கு. டேனரியில் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு முடியையும் மேல்தோலையும் நீக்கிவிட்டு, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்து எடுப்பார்கள். நடுவில் மிச்சம் நிற்கும் கெட்டியான பகுதிதான் ஷூ ஆகிறது. நமக்கும் அதே மூன்று அடுக்குதான். மேல்தோல் மெல்லிசு. ஆனால் கிருமியை உள்ளே விடாமலும், உடம்புத் தண்ணீரை வெளியே விடாமலும் காப்பது அதுதான். நடு அடுக்கில் வியர்வைச் சுரப்பி, முடிவேர், நரம்பு நுனிகள் இருக்கின்றன. வியர்த்தால் உடம்பு குளிரும். வெயில் பட்டால் வைட்டமின் டி தயாராகும்.

இப்படி ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் உறுப்புகளுக்கு மண்டலம் என்று பெயர். நம்ம குழுவில் ஒருத்தர் பேங்குக்குப் போகிறார், ஒருத்தர் கணக்கு எழுதுகிறார், ஒருத்தர் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிறார் இல்லையா, அந்த மாதிரி. செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, எலும்பு, தசை, இனப்பெருக்கம் என்று பல மண்டலங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இதழில் சொல்ல இடம் போதாது. நாம் வேலை செய்யும் இடத்தில் எவை அடிபடுகின்றனவோ அவற்றை மட்டும் இப்போது பார்ப்போம்.

ஷூ கம்பெனியில் ஒட்டுகிற பிரிவில் வேலை பார்க்கும் நம் சகோதரிகள் கையில் ஒட்டிய சொல்யூஷனைத் தின்னர் போட்டுத் துடைப்பதைப் பார்த்திருக்கிறோம். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். கை ‘பளிச்’ என்று ஆகிவிடும். ஆனால் தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடும். பிறகுதான் வெடிப்பு, அரிப்பு, எரிச்சல். குரோம் போட்ட தோலைத் தொட்டுத் தொட்டுச் சிலருக்கு ஒவ்வாமையும் வரும். கையுறை கொடுத்தால், “பிடி கிடைக்கலை” என்று கழற்றி வைக்காதீர்கள். கழுவுவதற்கு சோப்பும் தண்ணீரும் போதும், பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

அடுத்து நுரையீரல். அதற்குள் 30 கோடிக்கும் மேலான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 500 சதுர அடிக்கும் மேல் வரும். வெளித்தோல் 16 சதுர அடி, உள்ளே காற்று படும் இடம் 500 சதுர அடி! அதிலும் அந்தப் பைகளின் சுவர் மிக மிக மெல்லிசு. பிராணவாயு சுலபமாக இரத்தத்தில் கலக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் சொல்யூஷன் வாடையும் அதே வழியில்தான் உள்ளே போகிறது.

உள்ளே போனது எங்கே போகும்? இதயம் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நம் உடம்பில் இருக்கும் இரத்தமே அவ்வளவுதான். அதாவது ஒரு நிமிஷத்தில் உடம்பு முழுக்க ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. மூக்கில் ஏறியது மூளைக்குப் போக வெகுநேரம் ஆகாது. சாயங்காலம் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால், “மதியம் சரியா சாப்பிடலை, அதான்” என்று விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது அந்தத் தலைவலி வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லை என்றால் காரணம் சாப்பாடு இல்லை. டப்பாவை மூடி வைப்பது, ஜன்னலைத் திறப்பது, காற்று நம் முகத்திலிருந்து வெளியே போகும்படி ஃபேனைத் திருப்புவது, இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் நடக்காது, அனுபவத்தில் சொல்கிறோம்.

இரத்தத்தில் கலந்ததைச் சுத்தம் செய்ய வேண்டியது கல்லீரலும் சிறுநீரகமும். நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, நல்லதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. அந்தப் பெருமை இருக்கட்டும், நாம் என்ன செய்கிறோம்? பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், லைன் நிற்கும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. எங்களில் ஒருவர் முன்பு வேலை செய்த இடத்தில் இருநூறு பேருக்கு இரண்டு டோக்கன். அவருக்கு வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான், அதனால் கிருமி சீக்கிரம் மேலே ஏறும். அடக்கி வைத்தால் இன்னும் வசதி அதற்கு. எரிச்சலோடு காய்ச்சல், குளிர், இடுப்புக்கு மேல் முதுகுவலி சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. அட்டை பெட்டிக்குள் தூங்க வேண்டாம்.

கடைசியாக நரம்பு மண்டலம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், காரணம் இருக்கிறது.

வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை நமக்குத் தெரியும். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அவர் உட்கார்ந்து கவனித்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, வலி தெரியாததால் சுட்டாலும் வெட்டினாலும் கையை எடுப்பதில்லை, புண் ஆறுவதற்குள் அடுத்த புண், விரல் அப்படித்தான் தேய்கிறது என்று கண்டுபிடித்தார். சிலருக்கு ராத்திரி எலி கடித்ததுகூடத் தெரியவில்லையாம். அதற்காகப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்! பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பும் செய்து கொடுத்தார்கள். இன்று தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். அரிக்காத, வலிக்காத, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள்.

இதே கதை இப்போது சர்க்கரை நோயில் நடக்கிறது. சர்க்கரை கூடிக் கூடிக் கால் நரம்பு மரத்துவிடும். செருப்புக்குள் ஒரு ஆணி குத்தினாலும் தெரியாது. “எனக்குக் கால் வலியே இல்லை” என்று சந்தோஷப்பட்டு, புண் ஆழமான பிறகு விரலை எடுக்க நேர்ந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு.

மூக்கும் இப்படி ஏமாற்றும். டேனரிக் கழிவுத் தொட்டியில் அழுகின முட்டை வாடை வருமே, அந்த வாயு அதிகமானால் மோப்ப நரம்பே மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது, காற்று சுத்தம் என்று நினைத்து இறங்குகிறார்கள். அந்த வாயு, மூச்சில் இழுத்த பிராணவாயுவை உடம்பு பயன்படுத்த விடாது. இரண்டொரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். நம் பகுதியில் இப்படிப் போன உயிர்கள் ஒன்றிரண்டல்ல. உங்கள் வீட்டுக்காரரோ, அண்ணன் தம்பியோ, மகனோ அந்த வேலைக்குப் போனால் இன்றைக்கு இரவே இதைச் சொல்லுங்கள். யார் விழுந்து கிடந்தாலும், காற்றுக் கருவி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. வெளியே நின்று ஆள் கூப்பிடணும், தீயணைப்புக்குப் போன் போடணும்.

அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். சர்க்கரை உள்ள உறுப்பினர் கண்ணை மூடி உட்காரட்டும். பக்கத்தில் இருப்பவர் விரல் நுனியால் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று ஆறு விரலையும் ஒவ்வொன்றாக, ஒரு நொடி மட்டும் லேசாகத் தொடட்டும். தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. தொட்டதும் “தெரியுது” என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யாராவது ஒருத்தர் கூடப் போய்க் காட்டுங்கள். எந்தக் குழுவில் எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, மாதக் கடைசியில் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். கர்ப்பப்பை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அது அடுத்த இதழில்.