பிராணவாயுவும் தேகப் பயிற்சியும்

தேகப் பயிற்சி நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின் எவ்வகைப் பயிற்சி எதன்பொருட்டு நன்று என வினவின், விடை கூறுவார் சிலரே. நூறு மீட்டர் ஓட்டத்திற் பரிசு பெற்ற மாணவன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நடுவழியே நின்றுவிடுவதும், நெடுந்தூரம் அயராது ஓடுபவன் குறுந்தூரப் பந்தயத்திற் பின்தங்குவதும் விளையாட்டு விழாக்களில் நாம் காணும் காட்சிகளே. இருவரும் வலியர், இருவரும் பயின்றவர். அங்ஙனமாகவும், ஒருவனுக்கு எளிதானது மற்றவனுக்கு அரிதாவது ஏன்? தசையானது தன் தொழிலுக்கு வேண்டிய சக்தியைப் பெறும் வழிகள் இரண்டாக இருத்தலே இதற்குக் காரணம். அவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்விரு வழிகளைச் சார்ந்த பயிற்சிகளை ஆங்கிலத்தில் ஏரோபிக் என்றும் அனேரோபிக் என்றும் வழங்குவர். முன்னது காற்றோடு கூடியது, பின்னது காற்றின்றி நிகழ்வது எனப் பொருள்படும். காற்றின்றியும் வாழவல்ல நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானியார் லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டில் இவ்விரு சொற்களையும் ஆக்கினார். பிற்காலத்தில் அவை தசையின் தொழிலுக்கும் உரியவாயின. ஈண்டு அவற்றை வாயு வேண்டும் பயிற்சி, வாயு வேண்டாப் பயிற்சி எனக் குறிப்போம். வாயு என்றது பிராணவாயுவை.

தசை சுருங்குதற்கு நேரே உதவும் பொருள் அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது. அது தசையில் மிகச் சிறிதளவே உளது. கடும் உழைப்பில் சில வினாடிகளுக்கே போதும். ஆதலின் அது செலவாகச் செலவாக மீண்டும் ஆக்கப்படல் வேண்டும். இரத்தம் கொணரும் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் முற்ற எரித்து அதனை ஆக்குதல் ஒரு வழி. இவ்வழியில் எஞ்சுவன கரியமில வாயுவும் நீருமே. மற்றை வழி பிராணவாயுவை எதிர்பாராதது. தசையிற் சேமித்துள்ள கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் முதற் பத்து வினாடியளவும் கைகொடுக்கும். அதனோடு, சர்க்கரை முற்ற எரியாது பாதியில் உடைபட்டு லாக்டிக் அமிலத்தின் வகையதாகிய லாக்டேட் என்னும் பொருளாக மாறும். குளுக்கோஸின் ஓர் அணுத்திரளிலிருந்து முதல்வழியில் ஏறக்குறைய 30 பங்கு ஆக்கம் கிடைக்க, இவ்வழியிற் கிடைப்பது 2 பங்கே. எனினும் இது விரைவுடையது. ஓலை நெருப்புக் குப்பென எழுந்து தணியும். புளிய விறகு மெல்லப் பற்றி நின்றெரியும். விரைவும் நிலைபேறும் பற்றி மட்டும் வந்த ஒருபுடை உவமை இதுவென்க.

வாயு வேண்டாப் பயிற்சி என்றவுடன் மூச்சை அடக்கிச் செய்வது எனக் கருதுதல் பிழையாம். சடுகுடு ஆட்டத்தை நோக்குக. பாடிச் செல்வோன் மூச்சு விடாது பாடுகின்றான். ஆயினும் அவன் தசைகள் இரண்டாம் வழியை நாடுதற்குத் தலையாய காரணம் அதுவன்று. பாய்தலும் திமிறுதலும் நொடிப்பொழுதிற் பெருஞ்சக்தியை வேண்டுவன. இருதயமும் நுரையீரலும் அத்துணை விரைவிற் பிராணவாயுவை ஈயமாட்டா. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே பாய்ந்திருப்பினும் நிலைமை பெரிதும் வேறாகாது. இக்கால விதிப்படி ஒருமுறை பாடிச் செல்லுதற்கு 30 வினாடியே எல்லை. ஆடவர் ஆட்டமோ 20 நிமிடம் கொண்ட இரு பகுதிகளை உடையது. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே அவனை மீட்டெடுப்பது முதல்வழியே. ஆகவே நல்ல சடுகுடு வீரனுக்கு இரண்டும் வேண்டும்.

இவ்வுண்மைகள் ஒருநாளிற் புலப்பட்டன அல்ல. 1790-ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் லவாய்சியர் என்பார், உழைக்கும் மனிதன் ஓய்ந்திருப்பவனினும் மிகுதியான பிராணவாயுவை உட்கொள்கின்றான் என அளந்து காட்டினார். 1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்னும் இருவர், தவளையின் தசை பிராணவாயு இன்றி உழைக்குங்கால் லாக்டிக் அமிலம் பெருகுதலையும், பிராணவாயு கிடைத்தவழி அது குறைதலையும் கண்டனர். 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசை ஜெர்மானியராகிய மேயர்ஹாப் என்பாருடன் பகிர்ந்துகொண்ட ஆங்கில அறிஞர் ஏ. வி. ஹில், ஓடுவோரின் சுவாசத்தை அளந்து பிராணவாயுக் கடன் என்னும் கருத்தை வெளியிட்டார். விரைந்தோடுபவன் கைப்பொருளுக்கு மேற் செலவிடுகின்றான். ஓடி முடிந்தபின் அவன் இரைக்க இரைக்க மூச்சு வாங்குவது அக்கடனைத் தீர்த்தலாம்.

இவ்வுருவகம் அழகியது, எனினும் அதனுட் சில திருத்தம் பெற்றுள்ளன. ஓட்டத்தின்பின் மிகுதியாக உட்கொள்ளும் பிராணவாயு முழுதும் லாக்டிக் அமிலத்தை நீக்குதற்கே செலவாவதன்று. உடம்பின் வெப்பமும் இருதயத் துடிப்பும் உடனே தணியாமையும் அதற்குக் காரணமாம். லாக்டேட் வெறுங் கழிவும் அன்று. இருதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்ளும். கல்லீரல் அதனை மீண்டும் சர்க்கரையாக்கும். பழக்கமில்லாப் பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் உடல்வலியை இவ்வமிலத்தின்மேல் ஏற்றிக் கூறுவர் பலர். அஃது உழைப்பு ஓய்ந்த ஓரிரு மணி நேரத்திற்குள் இரத்தத்தினின்று நீங்கிவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் தசையிழைகளில் நேரும் நுண்ணிய சிதைவேயாம்.

இனி, இவ்விரு வழிகளும் ஒன்று அடைபட மற்றொன்று திறக்கும் கதவுகள் அல்ல, எப்பொழுதும் இரண்டும் உடன்நிகழ்வன, அளவே வேறுபடும். நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் வழியே மேலோங்கும். முழுமுயற்சி ஒன்றேகால் நிமிடமளவு நீளின் இரண்டும் ஏறக்குறைய ஒத்து நிற்கும். 1500 மீட்டரில் முதல்வழி பெரும்பங்கு ஏற்கும். 42.195 கிலோமீட்டர் கொண்ட மராத்தான் ஓட்டமோ கிட்டத்தட்ட முழுதும் அதனாலேயே நிகழ்வது.

பயன்களும் வேறு. நடை, மெல்லோட்டம், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவற்றை நெடுநேரம் செய்யின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்தும் வன்மை பெறும். தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். இரத்த அழுத்தம் தணியும். தண்டால், பஸ்கி, பளு தூக்குதல், குறுந்தூர விரைவோட்டம் ஆகியவற்றால் தசை பருத்து வலிவுறும்; எலும்பும் உறுதி பெறும். முதியோர் தடுக்கி விழாது நடமாடுதற்கும் இவ்வலிவு வேண்டும். ஒன்றன் பயனை மற்றொன்று முற்றும் தாராது.

அளவு யாதெனின், வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வாயு வேண்டும் பயிற்சியும், குறைந்தது இரு நாட்கள் தசைக்கு வலிவூட்டும் பயிற்சியும் செய்தல் நலம் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. மிதம் என்பதை அறியக் கருவி வேண்டா. பயிற்சியினிடையே உரையாட இயன்று, பாட இயலாதாயின் அது மிதமாம். சில சொற்களுக்குமேற் பேசவும் இயலாதாயின் அது கடுமையாம். இருதய நோயோ மிகுந்த இரத்த அழுத்தமோ உடையார் மருத்துவரைக் கலந்தே கடும் பயிற்சியில் இறங்குக. பளு தூக்குங்கால் மூச்சை இறுக அடக்கின் இரத்த அழுத்தம் திடீரென உயரும். ஆதலின் தூக்கும்போது மூச்சை வெளிவிடுதல் நன்று.

மாணவப் பருவத்தில் ஆடுகளத்தை விட்டகலாத பலர், பட்டம் பெற்று அலுவலில் அமர்ந்தபின் பத்தடி தூரமும் நடவாராகின்றனர். இளமையிற் பெற்ற பரிசுக் கிண்ணங்கள் பேழையிற் கிடந்து ஒளிவிடலாம். இருதயம் பெற்ற வன்மையோ பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். நம் நாட்டினர்க்கு நீரிழிவும் இருதய நோயும் மேனாட்டினரினும் இளவயதிலேயே வருகின்றன என்பது மருத்துவர் நன்கறிந்த செய்தி. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. இவ்வியல்பு இருவகைப் பயிற்சிக்கும் பொதுவாம். ஆதலின் வெல்லுதற்கு ஓடும் ஓட்டத்தோடு, வாழ்தற்கு நடக்கும் நடையையும் கல்லூரியிலேயே பழகிக்கொள்ளுதல் மாணவர் கடன். இதனை முன்னரே கைவிட்ட பழைய மாணவர்க்கும் காலம் கடந்துவிடவில்லை. நாள்தோறும் அரைமணி நேர நடையில் தொடங்குவார்க்கு உடம்பு எவ்வயதிலும் இணங்கும்.