பொத்தான் விழுந்த சட்டையும் பாரிஸ் நடைபாதையும்



கடந்த மாதம் துணிக்கட்டுகளுடன் ஈச்சிலம்பற்றுக்குப் போயிருந்தேன். வழக்கமாக என்னிடம் துணி எடுக்கும் தையற்காரத் தம்பி ஒருவர், "காக்கா, இந்த மெசின நீங்களே எடுங்க. நான் வெளிநாடு போகப்போறன். நம்மட தையல அங்க யாரு மதிக்கப்போறா?" என்றார். மலிவான விலையொன்று என் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, பட்ரிக் கெலியின் கதையைச் சொன்னேன்.

கெலி 1954இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பாட்டி, வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை செய்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த உடைச் சஞ்சிகைகளில் கறுப்பினப் பெண்கள் எவரும் இல்லாதது சிறுவனை உறுத்தியது. சட்டையில் பொத்தான் விழுந்தால் பாட்டி வேறு நிறப் பொத்தானைத் தைப்பார். குறை தெரியாதிருக்க இன்னும் சிலவற்றைச் சேர்ப்பார். பிற்காலத்தில் அந்தப் பல நிறப் பொத்தான்களே கெலியின் உடைகளுக்கு முத்திரையாகின.

நியூயோர்க்கில் வழி திறக்காததால் ஒருவழிப் பயணச்சீட்டுடன் பாரிஸ் போனார். நடைபாதையில் உடை விற்றார். குழாய்போலப் பின்னிய துணியில் தைத்ததால் தையல் வேலை குறைவு. மொடல்களான நண்பர்கள் அணிந்து திரிந்ததே விளம்பரம். 1985இல் 'எல்' சஞ்சிகை அவரது உடைகளை வெளியிட்டது. 1987இல் வார்னகோ என்ற பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 1988இல் பாரிஸ் ஆயத்த உடை வடிவமைப்பாளர் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் அமெரிக்கர் அவரே. 1990 ஜனவரி 1இல், 35 வயதில் காலமானார்.

இதில் நமக்குள்ள பாடங்கள் மூன்று:

1. இல்லாமையை மறைக்க வேண்டாம், அதையே அடையாளமாக்கலாம்.

2. கடை எடுக்கக் காசில்லையென்றால் முதலில் சரக்கை மக்கள் கண்ணில் காட்ட வேண்டும்.

3. நிறமும் ஊரும் கதவை அடைக்கலாம். ஆனால் தொழிற்கருவி கையிலிருந்தால் இன்னொரு கதவைத் தட்டலாம். அதை விற்றவன் அடுத்தவனின் கூலியாள்தான்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப துணிக்குக் காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கதை கேட்டு யாருக்கும் வயிறு நிறையாது. கடையில் தேங்கிக் கிடந்த வெட்டுத்துண்டுகளை மூன்று மாதத் தவணையில் கொடுத்தேன். அந்தத் துண்டுகளை இணைத்துச் சிறுவர் சட்டை தைக்கிறார். வெளிநாடு போவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போனாலும் மெசின் வீட்டிலேயே இருக்கும் என்கிறார்.

சகோதரர்களே, உங்கள் கடை மூலையிலும் விலைபோகாத துண்டுகள் கிடக்கும். அவற்றைக் கடனாகக் கேட்கத் தயங்கும் ஒரு கையும் உங்கள் ஊரில் இருக்கும். ஒருமுறை தேடிப்பாருங்கள்.