லேசர் இல்லாமல் தூரப்பார்வை சிகிச்சை: ஒரு நெசவாளியின் அனுபவம்

பட்டு நெசவுக்குக் கண்தான் முதல் கருவி. புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும். கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடம் பிசகாமல் பார்க்க வேண்டும். திருமுக்கூடலில் தறி போட்டிருக்கும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூரப்பார்வை. பவரும் அதிகம், வயதும் ஐம்பதை நெருங்கிவிட்டது, லேசர் பொருந்தாது என்றார் மருத்துவர். அதனால் லென்ஸ் மாற்று அறுவை செய்துகொண்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

குறை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தூரப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விழி சற்றுக் குட்டையாக இருக்கும். இளமையில் கண்ணின் லென்ஸ் வளைந்து கொடுத்து அதை ஈடுகட்டிவிடும். தலைவலி மட்டுமே வரலாம். நாற்பதுக்கு மேல் லென்ஸ் இறுகியதும் கிட்டத்திலும் தூரத்திலும் மங்கும். வெள்ளெழுத்தும் அப்போதுதான் வந்து சேரும்.

முதலில் கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி போட்டவர்களின் உற்பத்தி, போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இழையோடு வேலை செய்யும் நமக்கும் இது பொருந்தும்.

மற்ற வழிகள். ரேடியோ அலைச் சூட்டால் கருவிழியின் ஓரத்தைச் சுருக்கும் முறைக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பலன் நாளாக ஆகக் குறைந்துவிடும். லென்ஸ் மாற்று, கண்புரைக்குச் செய்யும் அதே அறுவைதான். உள்ளே வைக்கும் லென்ஸ் மதுரை அரோலேப் நிறுவனத்தில் 1992 முதலே தயாராகிறது.

வேலைத் தூரத்தை அளந்து கொண்டுபோங்கள். தறியில் உட்கார்ந்தபடி கண்ணிலிருந்து துணிவரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். பல தூரங்களுக்கான லென்ஸில் இரவு விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். நான் தூரத்துக்குச் சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டு, தறிக்குத் தனிக் கண்ணாடி போட்டேன்.

அறுவை எப்படி இருக்கும்? வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கையுள்ள ஆதுலர்சாலையையும் (மருத்துவமனையையும்), அங்கே சம்பளத்துக்கு இருந்த மருத்துவரையும் அறுவை செய்பவரையும் அது சொல்கிறது. ஆயிரம் வருஷமாக அறுவை வைத்தியம் தெரிந்த ஊர் இது என்று சொல்லித்தான் அவர்களைத் தேற்றினேன். சொட்டு மருந்தில் கண் மரத்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல்தான். வெளிச்சமும் லேசான அழுத்தமும் தெரியும், வலிக்காது. இரண்டு கண்ணையும் பெரும்பாலும் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். அந்த இடைவெளியில் இரு கண்ணின் பார்வையும் ஒத்துப்போகாமல் தலை சுற்றும், தறியில் உட்காராதீர்கள். சொட்டு மருந்தைச் சொன்ன வாரங்கள் வரை விடுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீரும் தூசியும் படக் கூடாது.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். குட்டையான விழிக்கு லென்ஸ் பவர் கணக்கிடுவது கடினம். சிறு பவர் மிஞ்சலாம். சிலருக்குப் பிறகு லென்ஸுக்குப் பின்னால் படலம் படியும். அதை நீக்க மட்டும் லேசர் தேவைப்படும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தூரப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கும்போது தலைவலிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னாலோ மாறுகண் தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடியில் வேலை ஓடினால் அதுவே போதும். ஓடவில்லையென்றால், செய்யும் தொழிலை மருத்துவரிடம் விளக்கமாகச் சொன்ன பிறகு லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.