பந்தியில் தெரியும் அளவு



"இப்பல்லாம் யாரு பாஸ்டர் ஜாதி பாக்குறாங்க?" என்று பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற ஒரு சகோதரர் கேட்டார். குறைந்திருப்பது மெய்தான். 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-ல் அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனாலும் அதற்கு 39 வருஷம் கழித்து, 1989-ல், மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் தலித் ஜனங்களைத் தடுத்து ஒரு சுவர் எழும்பிற்றே! 2008-ல்தான் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? கலாத்தியர் 2:11-14 வாசியுங்கள். பேதுரு யோப்பாவிலே தரிசனம் கண்டவர், கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர். அவரே அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்து, யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். உபதேசம் மாறவில்லை, சொந்தக்காரர் பார்க்கிறார்களே என்ற பயம்! பவுல் அதை எல்லார் முன்பாகவும் கண்டித்தார். (நாமாயிருந்தால் தனியே கூப்பிட்டு மெதுவாய்ச் சொல்லியிருப்போம்.)

பேதுருவைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் இரட்சிக்கப்பட்டவனா, அபிஷேகம் பெற்றவனா என்று கேட்குமுன்னே, "அவுங்க என்ன ஆளுங்க?" என்றுதான் என் வாய் கேட்டது. மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி ஜெபிக்க முடியவில்லை.

பழைய டைரியை எடுத்து, நான் நடத்தி வைத்த விவாகங்களை எண்ணினேன். மொத்தம் 14. ஜாதி தாண்டினது ஒன்றே ஒன்று. அதற்கும் பெண் வீட்டார் வரவில்லை.