உப்பளமும் மாசி மழையும்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுள் மரக்காணம் தொன்மை வாய்ந்ததாகும். சென்னையினின்று புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் இவ்வூரை அணுகுங்கால், பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளையும் வெண்ணிறக் குவியல்களையும் காண்பர். சோழர் காலத்திலேயே இங்கு உப்பளங்கள் இருந்தமையை இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனி; சித்திரையும் வைகாசியும் இளவேனில். நெய்தல் நிலத்துக்கு ஆறு பொழுதுகளும் உரியன என்பர் இலக்கண நூலார். உப்பு விளைவிப்போர்க்கோ அவை ஆறும் ஒத்தனவல்ல. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அளங்கள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்தபின் சேற்றை அகற்றி, வரப்புகளைத் திருத்தி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். பின்பனி முதிர முதிர வெயில் உறைக்கும்; வாடை ஓயும். அப்பொழுதே விளைச்சல் தொடங்குகின்றது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றச் செய்வர். அது பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்கும். இதற்கு மழையற்ற நாள்கள் தொடர்ந்து வேண்டும். இடையே ஒரு பெருமழை பெய்தால் செறிந்த நீர் நீர்த்துப் போகும். படிந்த உப்புக் கரையும். இறுகிய தரை மீண்டும் சேறாகும். பின்னர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வேலை நின்ற நாள்களில் தொழிலாளர்க்குக் கூலியும் இல்லை. மழைக்காலத்து வேலையின்மைக்கென அரசு உதவித்தொகை வழங்குகின்றது. மாசியில் பெய்யும் மழையோ அக்கணக்கில் அடங்குவதன்று.

1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத்துறை, மார்ச்சு முதல் மே வரை எவ்வளவு வெப்பம் இருக்கக்கூடும் என்பதையும், மார்ச்சுத் திங்களில் மழை இயல்பை ஒட்டியிருக்குமா, மிகுமா, குறையுமா என்பதையும் பெப்ரவரி இறுதியில் அறிவிக்கின்றது. 'இயல்பு' என்னும் சொல்லைச் சற்று உன்னிப்பாகக் கொள்ளுதல் வேண்டும். அது பல்லாண்டுச் சராசரியைக் குறிப்பது. இக்கடற்கரையில் பின்பனிக் காலத்துச் சராசரி மழை மிகச் சிறிது. ஒரே நாள் மழை அதனை விஞ்சிவிடும். மேலும், அவ்வறிவிப்பு பரந்த நிலப்பரப்பு முழுமைக்கும் உரியது. 'இயல்பினும் குறைவு' என்று கூறப்பட்ட திங்களிலேயே மரக்காணத்தில் ஒரு நாள் மழை கொட்டலாம். அதனால் அறிவிப்புப் பொய்த்ததாகாது. அளத்தார்க்கு மட்டும் இழப்பு இழப்பே.

2021ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் புதுச்சேரி வட்டாரத்தில் பருவந்தவறிய பெருமழை கொட்டிற்று. கீழ்த்திசைக் காற்றில் எழும் அலைபோன்ற மாறுதல்கள் இத்தகைய மழையைக் கொணர்வதுண்டு. வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பின்னும் வங்கக் கடலின் ஈரம் முற்றும் அகல்வதில்லை.

சென்ற மழைக்காலம் விட்டுச்சென்றதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. மரக்காணத்து அளங்கள் வெள்ளக்காடாயின. அத்தகைய ஆண்டில் கழிநீரிலும் நன்னீர் மிகுந்து உவர்ப்புக் குறையும்; வானம் தெளிந்திருப்பினும் விளைச்சல் தாமதப்படும்.

ஆதலின் பருவ முன்னறிவிப்பைக் கொண்டு எத்தனை பாத்திகளை எப்பொழுது திருத்துவது என்று திட்டமிடலாம்; அன்றாட அறிவிப்பைக் கொண்டே விளைந்ததைக் காக்க இயலும். மழை வரும் என்று கேட்ட மாலையில் குவியல்களைக் கீற்றுகளாலும் தார்ப்பாய்களாலும் மூடுவர். பாத்தியில் அரைகுறையாகப் படிந்திருக்கும் உப்பையும், மணி சிறுத்திருப்பினும், இருட்டுமுன் வாரிக் கரையேற்றுவர்.