ஔடத தானமும் பள்ளிச் சிறாரும்

இல்லறத்தார்க்குரிய தானம் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காம். இவற்றுள் ஔடத தானம் என்றவுடன் மருந்து வாங்கிக் கொடுப்பதே நம் நினைவுக்கு வருகின்றது. மருந்தைக் கொடுத்த அளவிலேயே அத்தானம் நிறைவெய்திவிடுமா என்பது ஆராயத்தக்கது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஒரு செய்தி இதற்கு விளக்கமாக அமைகின்றது.

அந்நகரின் கிழக்குப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். லிலியன் வால்டு என்னும் செவிலியர் 1893ஆம் ஆண்டில் அவர்களிடையே குடிபுகுந்து, வீடுதோறும் சென்று நோயாளரைப் பேணினார். ஜேக்கப் ஷிஃப் என்னும் செல்வர் பொருளுதவி புரிந்தார். வால்டு கண்டவருள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தலையில் புண் இருந்தமையால், பள்ளிக்குச் சென்ற போதெல்லாம் அவனை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டனர். வால்டு களிம்பைப் பெற்றுத் தந்ததோடு நில்லாமல், அதனை இடும் முறையையும் தாய்க்குக் கற்பித்தார். புண் ஆறியது, சிறுவன் பள்ளியில் சேர்ந்தான். அவனுக்கு ஔடத தானமே சாத்திர தானமும் ஆயிற்று.

1897 முதல் அந்நகரப் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்து சோதித்தனர். கண்ணோய், படர்தாமரை, பேன் முதலியன கண்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். வீட்டிலோ மருத்துவம் செய்வார் இல்லை. விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே தோழருடன் தெருவில் விளையாடும்! நோயும் தீரவில்லை, தொற்றும் நிற்கவில்லை, படிப்பு மட்டும் நின்றது.

1902 அக்டோபரில் வால்டு தம் இல்லத்துச் செவிலியரான லீனா ரோஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாத காலம் அனுப்பினார். முயற்சி பயன் தந்தால் செவிலியர்க்கு நகராட்சியே ஊதியம் தருதற்கு ஆவன செய்வதாக அதிகாரிகளிடம் முன்னரே வாக்குறுதி பெற்றுக்கொண்டார். இம்முன்யோசனையை நம் அறக்கட்டளையினர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ரோஜர்ஸ் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். ஏனையோர் இல்லம் சென்று தாய்மார்க்கு விளக்கினார். மாத முடிவில் நகராட்சி பொருள் ஒதுக்கி மேலும் செவிலியரை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர்.

முன்னோர் நினைவுநாளில் பள்ளியில் மருத்துவ முகாம் நடத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு, போற்றத்தக்கதே. ஆயினும் பார்வை குறைந்த பிள்ளை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தபின், கூலி வேலைக்குச் செல்லும் தாய் அச்சீட்டைக் கொண்டு எங்கே செல்வாள்? கண்ணாடி உடைந்தால் மாற்றித் தருபவர் யார்? முகாமுக்கென ஒதுக்கும் தொகையில் பாதியையேனும் அடுத்த மூன்று மாதங்களுக்கென வைத்து, சீட்டுப் பெற்ற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒருவர் சென்று வருமாறு ஏற்பாடு செய்யலாம். பந்தலும் ஒலிபெருக்கியும் சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை.